குழந்தையின் கோடும் நவீன ஓவியமும்

(கள்ளக்குறிச்சியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஓவிய ஆசிரியர் ஒருவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. சித்தன்னவாசலைப் பற்றியோ, பக்கத்திலேயே இருக்கும் பனைமலைப் பல்லவர் ஓவியத்தைப் பற்றியோ பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டது ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் சிலேட்டு. இருபதாம் நூற்றாண்டின் பெரிய ஓவியர்கள் சிலர் அந்தச் சிலேட்டிடம் பாடம் கேட்டார்கள். எப்படிக் கேட்டார்கள், என்ன கற்றார்கள், அந்தப் பாடத்தை நாம் ஏன் கேட்காமல் விட்டோம் என்பதுதான் இன்றைய பேச்சு.

நவீன ஓவியக் கண்காட்சி எதற்குப் போனாலும் ஒரு குரல் காதில் விழும்: “இதென்ன பெரிய படம்? எங்க வீட்டுப் பொடிசு இதைவிட நல்லாப் போடுமே!” சொல்பவர் கிண்டலாகத்தான் சொல்கிறார். ஆனால் அந்தக் கிண்டலில் பாதி உண்மை. அந்த ஓவியர்களே குழந்தைகளின் படங்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர்கள். மீதிப் பாதி, வீட்டுப் பொடிசு போட்ட படத்தை அவர் எங்கே வைத்திருக்கிறார் என்ற கேள்வி. பெரும்பாலும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போயிருக்கும்.

1. தெரிந்ததை வரைதல்

மூன்று, நான்கு வயதுக் குழந்தை வரையும் மனிதனுக்கு உடம்பு கிடையாது. ஒரு வட்டம், வட்டத்திலிருந்தே இரண்டு கால்கள், சில சமயம் காது இருக்க வேண்டிய இடத்திலிருந்து கைகள். இங்கே பக்கத்துக் கல்வராயன் மலையிலும் இப்படித்தான், வியன்னாவிலும் இப்படித்தான். அமெரிக்காவில் மழலையர் பள்ளி நடத்திய ரோடா கெல்லாக், பல நாடுகளிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைப் படங்களைச் சேர்த்துப் பார்த்தவர். இரண்டு வயதுக் குழந்தையின் கிறுக்கலிலேயே இருபது அடிப்படைக் கோடுகளை அவர் பிரித்துக் காட்டினார். புள்ளி, குறுக்குக்கோடு, சுழி, வட்டம் என்று போகும் அந்தப் பட்டியலிலிருந்து சூரியனும் மனிதனும் வீடும் ஒவ்வொன்றாகக் கிளைக்கின்றன.

பிரெஞ்சு ஆய்வாளர் லூக்கே 1927இல் குழந்தைகளின் ஓவியத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். குழந்தை கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது என்பது அவர் கண்டது. இதற்கு உதாரணம் தேடிப் பாரிஸ் போக வேண்டாம். கல்வராயன் மலைப் பிள்ளை ஒருவர், மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குப் போகும் பேருந்தை வரைவதைக் கவனியுங்கள். பேருந்தின் பக்கவாட்டுத் தகடு இருக்கும். அதைத் தாண்டி உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் கால் வரைக்கும் தெரிவார்கள். நான்கு சக்கரங்களும் தெரியும். ஓட்டுநரைவிட நடத்துநர் பெரியவராக இருப்பார், விசில் அவரிடம்தானே இருக்கிறது! கரியாலூர் போகும் வளைவுப் பாதை தாளின் மேலே இருந்து கீழே வரை நெளிந்து கிடக்கும். பாதையின் இரு பக்க மரங்களும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கும். நடந்து போகிறவனுக்கு இடப்பக்க மரம் இடப்பக்கமாகவும் வலப்பக்க மரம் வலப்பக்கமாகவும் இருக்கிறதல்லவா? அந்த அறிவைக் குழந்தை அப்படியே தாளில் இறக்கிவைக்கிறது.

இதைப் பிழை என்று திருத்துகிறவர்கள் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் எகிப்தியச் சுவரோவியம் ஒன்றைப் பார்க்க வேண்டும். நெபமூன் என்பவரின் கல்லறையிலிருந்து எடுத்தது. ஏறக்குறைய 3,400 ஆண்டுப் பழமை. நடுவில் குளம், குளத்தில் மீனும் வாத்தும், சுற்றிலும் மரங்கள். குளம் மேலிருந்து பார்த்ததுபோல இருக்கிறது. மீன்களும் மரங்களும் பக்கத்திலிருந்து பார்த்ததுபோல இருக்கின்றன. தேர்ந்த கைவினைஞர்கள் திட்டமிட்டுச் செய்த வேலை அது. ஒரே இடத்தில் ஆணியடித்ததுபோல நின்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பதுதான் சரியான ஓவியம் என்ற விதி பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில் உருவானது. அது நல்ல விதிதான். ஆனால் உலகத்தின் ஒரே விதி அல்ல. 1839இல் புகைப்படம் பொது வழக்குக்கு வந்தபின், அந்த விதியை ஓவியரைவிடக் கருவி நன்றாக நிறைவேற்றியது. அப்படியானால் ஓவியருக்கு மிச்சமிருக்கும் வேலை என்ன? இந்தக் கேள்வியோடு அலைந்தவர்கள்தான் குழந்தையின் தாளுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

2. தாளை எடுத்து வைத்தவர்கள்

நவீன ஓவியத்தில் குழந்தைகளின் செல்வாக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘கள்ளம் கபடமற்ற பார்வை’ என்று தொடங்குவார்கள். நான் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறேன். அந்த வரலாறு முழுவதையும் புரட்டினால், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பெரியவர் ஒரு குழந்தையின் படத்தைத் தூக்கிப் போடாமல் எடுத்து வைத்திருக்கிறார்.

முதல் ஆள் இத்தாலியைச் சேர்ந்த கொர்ராடோ ரிச்சி. 1880களின் தொடக்கத்தில், ஒரு குளிர்காலத்தில், பொலோன்யா நகரத்துத் தாழ்வாரம் ஒன்றில் மழைக்கு ஒதுங்கினார். சுவர் நிறையப் பிள்ளைகள் கிறுக்கிய படங்கள். அதைப் பார்த்த பிறகு பள்ளிகளிலிருந்து படங்களைச் சேர்க்கத் தொடங்கினார். 1887இல் ‘குழந்தைகளின் கலை’ என்ற நூலை வெளியிட்டார். பத்தாண்டு கழித்து, 1897இல், வியன்னாவில் பிரான்ஸ் சிஷெக் சிறுவர்களுக்கான ஓவிய வகுப்பைத் தொடங்கினார். பார்த்துப் போடும் பயிற்சி கிடையாது. அவரவர் மனத்தில் இருப்பதைப் போடலாம்.

அடுத்தவர் பால் க்ளே. 1902இல் அவருக்கு வயது 22. இத்தாலியப் பயணத்தை முடித்துவிட்டு, மறுமலர்ச்சிக் காலத்துப் பேரோவியங்களையெல்லாம் பார்த்த மலைப்போடு, பெர்ன் நகரத்துப் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பினார். அங்கே தன் சிறுவயதுப் படங்கள் கிடைத்தன. தான் அதுவரை செய்தவற்றிலேயே குறிப்பிடத்தக்கவை அவைதான் என்று, பின்னாளில் மனைவியான லில்லிக்குக் கடிதம் எழுதினார். 1911இல் தன் படைப்புகளுக்கெல்லாம் பட்டியல் போட உட்கார்ந்தபோது, அந்தச் சிறுவயதுப் படங்களில் சிலவற்றையும் சேர்த்துக்கொண்டார். அந்த வீட்டில் யாராவது ஒரு நாள் மும்முரமாகச் சுத்தம் செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மூனிக்கில் காண்டின்ஸ்கியும் கேப்ரியேல் மூன்டரும் குழந்தைகளின் படங்களைச் சேகரித்தார்கள். 1912இல் காண்டின்ஸ்கியும் பிரான்ஸ் மார்க்கும் ‘நீலக் குதிரைவீரன்’ என்ற ஆண்டுமலரை வெளியிட்டபோது, அதில் ஐரோப்பிய ஓவியங்களுக்கும் ஆப்பிரிக்கச் சிற்பங்களுக்கும் பக்கத்தில் குழந்தைகளின் படங்களும் அச்சேறின. அதே ஆண்டு நியூயார்க்கில், புகைப்படக் கலைஞர் ஆல்ஃப்ரட் ஸ்டீக்லிட்ஸ் தன் கூடத்தில் குழந்தைகளின் படங்களைக் காட்சிக்கு வைத்தார். 1917இல் லண்டனில் விமர்சகர் ரோஜர் ஃப்ரை, மேரியன் ரிச்சர்ட்சன் என்ற பள்ளி ஆசிரியையின் மாணவியர் வரைந்தவற்றைக் காட்சிக்கு வைத்தார்.

இவர்கள் கற்றது என்ன? முதலாவது, அளவு. குழந்தை எதை முக்கியமாக நினைக்கிறதோ அது பெரிதாகும். இரண்டாவது, பல இடங்களிலிருந்து பார்த்ததை ஒரே தாளில் சேர்க்கும் துணிச்சல். மூன்றாவது, கோடு. குழந்தையின் கோட்டில் எங்கே தொடங்கியது, எங்கே தயங்கியது, எங்கே வேகம் பிடித்தது என்று எல்லாம் தெரியும். அது தன் பயணத்தை மறைப்பதில்லை. க்ளேயின் கோட்டைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நான்காவது, எழுத்தும் படமும் அடுத்தடுத்து உட்காரும் தாராளம்.

ஆனால் ஒரு வேறுபாட்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தன் படங்களைக் குழந்தைகளின் படங்களோடு ஒன்றாக்க வேண்டாம் என்று க்ளேயே கேட்டுக்கொண்டார். குழந்தைக்கு வேறு வழி தெரியாது. அதனால் அப்படி வரைகிறது. க்ளேக்கு எல்லா வழியும் தெரியும். அவற்றில் இதைத் தேர்ந்தெடுத்தார். குழந்தை ஒன்பது, பத்து வயதில் ‘எனக்கு வரைய வராது’ என்று விட்டுவிடுகிறது. ஓவியர் நாற்பது வயதில், ஆயிரம் தாளைக் கிழித்த பிறகு, விட்ட இடத்துக்கு வந்து சேர்கிறார். கண்காட்சியில் கிண்டல் செய்கிறவர் பார்க்கத் தவறுவது இந்த முப்பது ஆண்டு நடையைத்தான்.

அந்தக் கிண்டல் எப்போதும் விளையாட்டாக முடிந்ததில்லை. க்ளேயை 1933இல் நாஜிகள் டுசல்டார்ஃப் கலைப்பள்ளி வேலையிலிருந்து விலக்கினார்கள். 1937இல் மூனிக்கில் ‘சீரழிந்த கலை’ என்ற பெயரில் கண்காட்சி நடத்தி, அவர் படங்கள் 17ஐத் தொங்கவிட்டுக் கேலி செய்தார்கள். போர் முடிந்தபின், 1948இல், கோபன்ஹேகன், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம் நகரங்களின் ஓவியர்கள் ‘கோப்ரா’ என்ற குழுவாகச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான காரெல் அப்பல் 1949இல் ஆம்ஸ்டர்டாம் நகரமன்ற உணவுக்கூடச் சுவரில் ‘கேட்கும் குழந்தைகள்’ என்ற ஓவியத்தைத் தீட்டினார். போரில் சிதைந்த ஜெர்மனியில் ரயிலடியில் கையேந்தி நின்ற பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். குழந்தை வரைவதுபோன்ற முரட்டுக் கோடு, பெரிய கண்கள். சாப்பாடு இறங்கவில்லை என்று ஊழியர்கள் முறையிட, ஓவியத்தை மூடிவைத்தார்கள். பல ஆண்டுகள் மூடியே கிடந்தது. குழந்தையின் கோடு என்றால் இனிமை, வெகுளித்தனம் என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சுவர் ஒரு பதில்.

3. சிற்றிலும் கணக்கு நோட்டும்

ஐரோப்பாவின் கதை இருக்கட்டும். நம் மரபில் பெரியவர்கள் குழந்தையின் கற்பனையைக் கவனிக்கவே இல்லையா? கவனித்தார்கள். ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்களில் ஒன்று சிற்றில். சிறுமியர் மணலில் வீடு கட்டுகிறார்கள். பாட்டுடைத் தலைவனான குழந்தை அதைக் காலால் சிதைக்க வருகிறான். சிதைக்காதே என்று சிறுமியர் குரலில் புலவர் கெஞ்சுகிறார். ஆண்டாளும் நாச்சியார் திருமொழியில் இந்தச் சிற்றிலுக்காகத் தனியே ஒரு பத்துப் பாடியிருக்கிறார். மணலில் கட்டிய வீடு அன்று மாலையே போய்விடும். அதற்குள் எத்தனை நினைப்பு இருந்தது என்பதைத் தமிழ்க் கவிதை பார்த்துவைத்திருக்கிறது. கவிதை பார்த்ததை நம் ஓவியம் பார்க்க நெடுங்காலம் ஆயிற்று.

1922 டிசம்பரில் கல்கத்தாவில் ஒரு கண்காட்சி நடந்தது. கீழைத்தேயக் கலைகளுக்கான இந்தியச் சங்கத்தின் ஆண்டுக் காட்சி. ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியிலிருந்து க்ளே, காண்டின்ஸ்கி, யோஹன்னஸ் இட்டன் முதலியோரின் படைப்புகள் கப்பலில் வந்து, ககனேந்திரநாத் தாகூர், சுனயனி தேவி ஆகியோரின் ஓவியங்களோடு ஒரே கூரையின் கீழ் இடம்பெற்றன. அப்போது சாந்திநிகேதனில் கற்பித்துக்கொண்டிருந்த கலை வரலாற்றாசிரியர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் அதற்கு ஏற்பாடு செய்தார். இதில் இட்டன் என்ற பெயரை நம் ஆசிரியர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியராகப் பயிற்சி பெற்று, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர். பௌஹவுஸில் சேரும் எல்லா மாணவர்களும் முதலில் படித்தாக வேண்டிய அடிப்படைப் பயிற்சியை 1919இல் வகுத்தவர் அவர்தான். நவீன வடிவமைப்பின் தாய்வீடு என்று உலகம் சொல்லும் பள்ளியின் வாசலில் நின்றவர் ஓர் ஆரம்பப் பள்ளி வாத்தியார்.

ரவீந்திரநாத் தாகூர் தன் கையெழுத்துப் படிகளில் அடித்த வரிகளை இணைத்து இணைத்து விநோத உருவங்களாக்கினார். எழுபதை நெருங்கும் வயதில், 1930இல், பாரிஸில் அவர் ஓவியங்கள் காட்சிக்கு வந்தன. சாந்திநிகேதனில் படித்த தேவி பிரசாத், காந்தியடிகளின் சேவாகிராமப் பள்ளியில் 1944 முதல் ஓவிய ஆசிரியராக இருந்தார். கலையே கல்விக்கு அடிப்படை என்று அந்த அனுபவத்திலிருந்து நூல் எழுதினார்.

சென்னைக்கு வருவோம். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளிதான் நம் பக்கத்து நவீன ஓவியத்தின் களம். அதன் முதல்வராக 1957 முதல் இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக அவர்தான் காரணம். அவருடைய புகழ்பெற்ற ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை 1963இல் தொடங்கியது. அதற்கு முதல் பொறி எங்கிருந்து கிடைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்: ஓர் இளம் மாணவரின் கணக்கு நோட்டுப் பக்கம். எண்கள், எழுத்துகள், வடிவியல் கோடுகள், எல்லாம் நெருக்கியடித்துக் கிடந்த ஒரு பக்கம். ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பிக் கொடுக்கும் பக்கத்தில் பணிக்கர் ஓர் ஓவிய மொழியைக் கண்டார்.

சோழமண்டலத்திலேயே வாழ்ந்தவர் கே. ராமானுஜம். அரண்மனைகள், சிறகு முளைத்த பிராணிகள், நடுவே தொப்பி அணிந்த ஓர் உருவம். அந்த உருவம் அவரே. நம்மில் பலர் பத்து வயதில் மூடிவிட்டு வந்த கதவை அவர் கடைசிவரை மூடவில்லை. 1973இல், முப்பது வயதைக் கடந்த சிறிது காலத்திலேயே, அவர் வாழ்க்கை முடிந்துபோனது. ஜே. சுல்தான் அலி ரிஷிவேலிப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவர். நாட்டார், பழங்குடிக் கலைகளின் உருவங்களையும் எழுத்தையும் தன் திரையில் கலந்தவர். சென்னை ஓவிய இயக்கத்தின் பெரிய பெயர்களில் ஆசிரியர்கள் இத்தனை பேர் என்பது தற்செயல் அல்ல.

4. ஒரு தவறான சமன்பாடு

இந்த ஊரில் நின்று பேசும்போது ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் போக முடியாது.

குழந்தையின் படங்களை ஐரோப்பா கவனித்த அதே காலத்தில், அங்கே ஒரு கருத்தும் செல்வாக்கோடு இருந்தது. மனித இனம் கடந்துவந்த படிகளை ஒவ்வொரு குழந்தையும் திரும்பக் கடக்கிறது என்பது அது. ஆகவே குழந்தையும், ஆதி மனிதனும், பழங்குடி மனிதரும் ஒரே படியில் நிற்பவர்கள் என்று எழுதினார்கள். 1895இல் குழந்தைப் பருவத்தைப் பற்றி நூல் எழுதிய ஜேம்ஸ் சல்லி போன்றவர்கள், குழந்தையின் படத்தையும் பழங்குடிகளின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். ‘நீலக் குதிரைவீரன்’ மலரிலும் இந்த வாசனை உண்டு. அன்போடு செய்தாலும் அது கீழே தள்ளும் ஒப்பீடுதான்.

கல்வராயன் மலைவாழ் மலையாளிப் பழங்குடியினர் 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்தவர்கள். ஒரு மக்கள் கூட்டத்தைக் குழந்தைகள் என்று சொல்லிவிட்டால், அவர்களுக்காக முடிவெடுக்கும் உரிமை தனக்கு இருப்பதாகச் சொல்வது சுலபம். சாமையும் கேழ்வரகும் எந்தச் சரிவில் எப்போது விதைப்பது, எந்தக் கடுக்காய் எப்போது முற்றும் என்று அறிந்தவர்களின் அறிவு பெரியவர்களின் அறிவு. பழங்குடிக் கலை என்பதும் அப்படித்தான். தலைமுறை தலைமுறையாகக் கற்றுத் தேர்ந்த பெரியவர்களின் கலை.

விழுப்புரம் பக்கம் கீழ்வாலைப் பாறையில் செங்காவி நிறத்தில் உருவங்கள் இருக்கின்றன. பார்க்கப் போகிறவர்கள் ‘சின்னப் பிள்ளை போட்டதுபோல இருக்கிறது’ என்பார்கள். காவியைத் தேடிக் கொண்டுவந்து, அரைத்து, குழைத்து, ஆயிரக்கணக்கான ஆண்டு வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும்படி பாறையில் ஏற்றியது சின்னப் பிள்ளை வேலையா? பிம்பேட்காவிலும் ஆஸ்திரேலியாவின் ஆர்ன்ஹெம் நிலத்திலும் விலங்கின் உள்ளுறுப்பு வெளியே தெரியும்படி வரைந்திருக்கிறார்கள். பேருந்தின் உள்ளே ஆட்களை வரையும் நம் பிள்ளையும் அதைத்தான் செய்கிறார். தோற்றத்தில் ஒற்றுமை உண்டு. வேடர் அதை விலங்கை அறுத்துப் பார்த்த அறிவிலிருந்து செய்தார். குழந்தை ஏறி உட்கார்ந்துவந்த அறிவிலிருந்து செய்கிறது. இரண்டும் அறிவு, ஆனால் ஒன்று மற்றொன்றின் பழைய படி அல்ல. குழந்தையைக் குழந்தையாகவும், பழங்குடிக் கலைஞரைக் கலைஞராகவும் தனித்தனியே மதிக்கத் தெரிந்தால்தான் இந்த வரலாற்றிலிருந்து நாம் நல்லதை எடுத்துக்கொள்ள முடியும்.

5. இரண்டு மலை, நடுவில் சூரியன்

நம் பள்ளிகளில் எந்தப் பிள்ளையிடம் தாள் கொடுத்து ‘ஏதாவது வரை’ என்றாலும் வருவது ஒரே படம். முக்கோணமாக இரண்டு மலை. நடுவில் பாதிச் சூரியன். மலையிடுக்கிலிருந்து ஓர் ஆறு. ஒரு குடிசை, ஒரு தென்னை, நான்கு பறவைகள். சமவெளிப் பிள்ளை அதைப் போட்டால் மலையைப் பார்க்காதவர் என்று விட்டுவிடலாம். கல்வராயன் மலையின் சேராப்பட்டிலும் இன்னாட்டிலும் இருக்கும் பிள்ளைகளும் அதையே போடுகிறார்கள்!

கல்வராயன் முக்கோணமா? கச்சிராயபாளையத்திலிருந்து பார்த்தால் நீண்டு கிடக்கும் சுவர். வளைவெல்லாம் ஏறி மேலே போனால் அலையலையாக விரியும் மேட்டுநிலம். வயல், மரவள்ளிக் கொல்லை, நடுவில் ஊர். அங்கே பிறந்த பிள்ளைக்கு மலை என்பது காலுக்குக் கீழே இருப்பது. நான்கு வயதில் அந்தப் பிள்ளைக்கு இது தெரிந்திருந்தது. அதன் படத்திலும் இருந்தது. எட்டு வயதில் முக்கோணம் வந்து உட்கார்ந்துகொண்டது. கரும்பலகையைப் பார்த்துப் போடு என்று சொல்லிச் சொல்லி, சொந்த மலையை நாம் அழித்துவிட்டோம்.

இதற்கு ஓவிய ஆசிரியர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. ஆங்கிலேயர் காலத்தில் வந்த பயிற்சி முறை, பார்த்துப் பிசகாமல் வரையும் கையைத்தான் கேட்டது. இன்றைக்கும் ‘லோயர், ஹையர்’ என்று நாம் சொல்லும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தேறித்தான் பலரும் ஓவிய ஆசிரியர் வேலைக்கு வருகிறார்கள். கட்டுப்பாடான கைப்பயிற்சி தேவைதான். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தின் உளி அந்தப் பயிற்சி இல்லாமல் ஓடாது. ஆனால் உளி பிடிக்க வேண்டிய வயது வேறு, கிறுக்க வேண்டிய வயது வேறு.

வேலையின் நிலைமையையும் பாருங்கள். 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் எத்தனை முறை சென்னைக்குப் போய்ப் போராடியிருக்கிறார்கள் என்பது இந்த அவையில் சிலருக்குச் சொந்த அனுபவம்.

நல்ல முன்மாதிரியும் நம்மிடமே இருந்தது. செயல்வழிக் கற்றல் தமிழகம் முழுவதும் பரவிய ஆண்டுகளில், தொடக்கப் பள்ளி வகுப்பறைகளில் இரண்டு மாற்றங்கள் வந்தன. சுவரின் கீழ்ப்பகுதியில், தரையில் உட்காரும் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், ஒவ்வொருவருக்கும் ஒரு கரும்பலகை. மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி கட்டி, பிள்ளைகளின் தாள்களைத் தொங்கவிடும் ‘கம்பிப் பந்தல்’. சுவர் பெரியவருக்கு மட்டும் சொந்தம் என்ற வழக்கத்தை மாற்றிய ஏற்பாடு அது. இன்று பல பள்ளிகளில் பலகை மங்கிவிட்டது, கம்பி தளர்ந்துவிட்டது. 2022-23 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழா மேடையைக் கொடுத்திருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் போட்டிக்குத் தலைப்பு வேண்டும், தலைப்பு வந்தால் கூடவே அச்சுப்படமும் வந்துவிடும். ‘போதை ஒழிப்பு’ என்று கொடுத்தால் மண்டையோடும் பாட்டிலும்தான் வரும். 2024 ஜூனில் இதே ஊரில், கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும், கள்ளச்சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அந்தத் தெருக்களில் வளரும் பிள்ளைக்கு அந்த மண்டையோட்டைவிட எவ்வளவோ அதிகம் தெரியும். தெரிந்ததை வரைய நாம் இடம் கொடுத்தோமா?

6. திருப்பித் தந்தவர்

நவீன ஓவியர்கள் குழந்தைகளிடம் எடுத்துக்கொண்டார்கள் என்று சொன்னேன். திருப்பித் தந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃப்ரீட்ல் டிக்கர்-பிராண்டைஸ். வியன்னாவில் பிறந்த யூதப் பெண். சிஷெக்கிடம் படித்தார், பிறகு இட்டனிடம் படித்து, அவரோடு பௌஹவுஸுக்குப் போனார், அங்கே க்ளேயும் கற்பித்தார். இன்று நான் சொன்னவர்களில் மூன்று பேர் அவருடைய ஆசிரியர்கள்.

1942 டிசம்பரில் நாஜிகள் அவரை தெரெசின் என்ற இடத்தில் யூதர்களை அடைத்துவைத்த முகாமுக்கு அனுப்பினார்கள். கொண்டுபோக அனுமதித்த சொற்பச் சுமையில் அவர் வரைபொருள்களை வைத்துக்கொண்டார். முகாமில், பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளுக்கு ரகசியமாக ஓவியம் கற்பித்தார். கிடைத்த தாளில், அலுவலகப் படிவங்களின் பின்பக்கத்தில் எல்லாம் வரையச் செய்தார். பிள்ளைகள் விட்டுவந்த வீட்டை வரைந்தார்கள், பூ வரைந்தார்கள், முகாமின் அடுக்குக் கட்டிலையும் வரைந்தார்கள். ஒவ்வொரு தாளிலும் அவரவர் பெயரை எழுதவைத்தார். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோவதற்கு முன், படங்களை இரண்டு பெட்டிகளில் அடுக்கி மறைத்துவைத்தார். அவரையும் அந்தப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோரையும் கொன்றுவிட்டார்கள். போர் முடிந்து வெளியே வந்த பெட்டிகளில் ஏறக்குறைய 4,500 படங்கள். இன்று பிராக் நகர யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பல பிள்ளைகள் இருந்தார்கள் என்பதற்கு அந்தத் தாளைத் தவிர வேறு தடயம் இல்லை.

நம் பக்கத்து மாநிலத்திலும் ஒரு பெட்டி உண்டு. கொச்சியில் 1976இல் பிறந்த எட்மண்ட் தாமஸ் கிளின்ட் ஏழு வயது நிறைவதற்குள் சிறுநீரக நோயால் இறந்தான். அதற்குள் அவன் வரைந்த படங்கள் ஏறக்குறைய 25,000 என்பார்கள். பெற்றோர் எடுத்து வைத்ததால் அவை இருக்கின்றன. கிளின்ட் மேதை, நம் பிள்ளைகள் எல்லோரும் மேதைகள் அல்ல. மேதைக்காக மட்டும்தான் தாளைப் பாதுகாக்க வேண்டும் என்றால், யார் மேதை என்று தெரிவதற்குள் தாள் போய்விடும்.

7. சில வேண்டுகோள்கள்

நிறைவாக, செய்யக்கூடியவை என்று நான் நினைப்பவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

ஐந்தாம் வகுப்பு வரை பார்த்துப் போடும் பயிற்சி வேண்டாம். பிள்ளையின் கையிலிருந்து பென்சிலை வாங்கித் திருத்த வேண்டாம். ‘இது என்ன?’ என்று கேட்டால் பிள்ளை பயந்துவிடும்; ‘இதில் என்ன நடக்கிறது?’ என்று கேளுங்கள், கதை வரும்.

கிரேயான் பெட்டி இல்லை என்பது காரணமாக வேண்டாம். செம்மண், அடுப்புக்கரி, சுண்ணாம்பு, மஞ்சள் எல்லாம் நம்மிடம் உண்டு. கடுக்காய்ச் சாற்றில் இரும்புத் துருவைச் சேர்த்தால் கறுப்பு கிடைக்கும். கலம்காரிக் கலைஞர்கள் பயன்படுத்தும் கறுப்பு அது. கடுக்காய் பொறுக்கும் மலைப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைவிடப் பொருத்தமான அறிவியல் பாடம் எது?

போட்டி நடத்துங்கள், ஆண்டுக்கு ஒரு முறையாவது தலைப்பும் பரிசும் இல்லாமல் எல்லாப் பிள்ளைகளின் படங்களையும் தொங்கவிடும் காட்சி ஒன்றையும் நடத்துங்கள். ஓவிய ஆசிரியர் பணியை அரசு முழுநேரப் பணியாக்க வேண்டும். உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு அது முதலில் வேண்டும். வீட்டைவிட்டு வந்து தங்கும் பிள்ளைக்கு வீட்டை வரைய ஒரு மணி நேரம் வேண்டும்.

கடைசியாக, இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடம் நேரடியாக ஒரு வேண்டுகோள். ஆண்டு வட்டியில் ஒரு பகுதியை எடுத்து, மாவட்டத்தின் குழந்தைப் படங்களுக்கு ஒரு காப்பகம் தொடங்குங்கள். பெரிய கட்டடம் வேண்டாம். நூலகத்திலோ, சொற்பொழிவு நடக்கும் இந்தக் கல்லூரியிலோ கரையான் ஏறாத இரண்டு இரும்பு அலமாரி போதும். மலையில் பத்துப் பள்ளி, சமவெளியில் பத்துப் பள்ளி. ஒவ்வொரு பிள்ளையும் ஆண்டுக்கு இரண்டு படம், தானே தேர்ந்தெடுத்தது. பின்பக்கத்தில் பெயர், வயது, ஊர், தேதி, படத்தைப் பற்றிப் பிள்ளை சொன்ன இரண்டு வரி. இருபது ஆண்டு கழித்து இந்த மாவட்டத்தின் வரலாற்றை எழுத வருகிறவருக்கு அரசிதழில் கிடைக்காத செய்தி அதில் இருக்கும். ஓவியராக வளர்ந்த ஒருவர் தன் ஆறு வயதுத் தாளைத் தேடி வரவும் கூடும். வராவிட்டாலும் நட்டமில்லை, ஒரு பிள்ளை வரைந்ததை ஊர் எடுத்து வைத்தது என்பதே அந்தப் பிள்ளைக்குப் போய்ச்சேர வேண்டிய மரியாதை.

அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு வேறு ஒருவர் வந்து பேசுவார். அன்றைக்கு இந்த அரங்கின் சுவரில் முதல் ஆண்டுப் படங்கள் தொங்கட்டும். பிள்ளைகளின் கண் உயரத்தில் மாட்டுங்கள். பெரியவர்கள் குனிந்து பார்த்துக்கொள்ளலாம். அதற்கான தாள் கட்டுகளை இன்றே கணக்குப் போட்டுவிட வேண்டும்.